ஐலெர்ட்டுக்குப் பதினைந்து மதிப்பெண்

ஜனவரி 9

மதியம் கேன்டீனில் கீரையும் சாசேஜும். குளிர்காலம் முழுக்க இதேதான். யாரும் குறை சொல்வதில்லை, நானும் சொல்லவில்லை. பாதி சாப்பிட்டிருப்பேன், முதலாளி ஓனென் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர் தட்டோடு வந்தால் கூடவே வேலையும் வருகிறது என்று அர்த்தம்.

"ஹில்கே, மென்பொருள் ஒப்பந்தம் வருஷக் கடைசியில முடியுது. பழைய வழியா, புது வழியா, ஏதாவது ஒண்ணைச் சொல்லிடுங்க. ஈஸ்டருக்குள்ள."

ஆர்டர், கிடங்கு, கொள்முதல், கணக்கு என்று இந்தப் பம்ப் கம்பெனி முழுக்க ஒரே மென்பொருளில் ஓடுகிறது. அதற்குள் போக இரண்டு வாசல். ஒன்று, ஒவ்வொரு கணினியிலும் நான் நிறுவி வைத்திருக்கும் டெஸ்க்டாப் நிரல். சாம்பல் நிறத் திரை, எல்லாம் விசைப்பலகையிலேயே முடிந்துவிடும். இன்னொன்று பிரவுசர்; எதையும் நிறுவ வேண்டாம், எங்கிருந்தும் திறக்கலாம், திரையில் பாதி வெறும் வெள்ளை. இரண்டுக்கும் கட்டணம் கட்ட ஓனெனுக்கு மனமில்லை. இரண்டையும் பராமரிக்க எனக்கும் மனமில்லை. அதற்கு இங்கே இருப்பது நான் ஒருத்திதான்.

என் பதில் எனக்கு ஏற்கெனவே தெரியும். டெஸ்க்டாப். ஆனால் அதைக் கேன்டீனில் சொல்ல முடியாது. முதலில் குழு, பிறகு அட்டவணை, பிறகு தொழிலாளர் மன்றத்தின் கையெழுத்து. அதற்கப்புறம்தான் எனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரிய வரும்.

ஜனவரி 17

குழுவின் முதல் கூட்டம். ஐந்து பேர், ஒரு கெண்டி தேநீர், கற்கண்டு, வெண்ணெய் பிஸ்கட்.

முறை வழக்கமானது. ஒவ்வொரு தேவையும் அட்டவணையில் ஒரு வரி. வேகம் ஒரு வரி, பாதுகாப்பு ஒரு வரி, துறைமுகத்தில் போய் பம்ப் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வரி. எந்த வரிக்கு எவ்வளவு எடை என்று முதலில் பேசி முடிப்பது. பிறகு இரண்டு வாசலுக்கும் மதிப்பெண் போட்டு, பெருக்கி, கூட்டி, எது அதிகமோ அது. யாரும் முடிவெடுத்ததாக ஆகாது. போன வருடம் தேவாலயக் கூரைக்கு ஓடு தேர்ந்தெடுத்ததும் இப்படித்தான்.

கிடங்கும் துறைமுக ஆட்களும் பிரவுசர் பக்கம். கணக்குப் பிரிவு டெஸ்க்டாப் பக்கம். ஃபோக்கோ எந்தப் பக்கமும் சேராமல் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருந்தான். தொழிலாளர் மன்றத் தலைவன். முன்பு வெல்டர். நானும் அவனும் ஒரே வருடம் பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள். அவன் கையெழுத்துப் போடாமல் புது மென்பொருள் எதுவும் உள்ளே வர முடியாது, சட்டம் அப்படி. திடீரென்று மேசையைத் தட்டினான்.

"எல்லாம் சரி. நம்ம ஐலெர்ட் என்ன ஆவான்? அவனுக்கு ஒரு வரி போடு."

போட்டேன். 'திரு. போப்பிங்காவின் பணியிடம்.' எடை ஐந்து. எல்லோரும் தலையாட்டினார்கள். ஏதோ நல்லது செய்த நிறைவு எல்லார் முகத்திலும் இருந்தது. பிஸ்கட் தீர்ந்துபோயிற்று.

ஜனவரி 18

ஐலெர்ட் பற்றி எழுதிவைக்க வேண்டும். குழுவுக்கு ஒரு குறிப்பு தர வேண்டியிருக்கிறது, இங்கே எழுதிப் பார்த்துக்கொள்கிறேன்.

ஐலெர்ட் போப்பிங்கா, உதிரி பாகப் பிரிவு, தொலைபேசி மேசை. பிறவியிலேயே பார்வை இல்லை. விசைப்பலகைக்குக் கீழே ஒரு பட்டை வைத்திருக்கிறான். திரையில் இருப்பது அதில் புள்ளிகளாக எழும்பும், விரலால் படிப்பான். காதில் ஒரு குரலும் உண்டு. யாருக்கும் புரியாத வேகத்தில் அதை ஓட விடுவான். டெஸ்க்டாப் நிரலுக்கு அந்தக் குரலோடு ஒத்துப்போகத் தெரியாது. அவன் சேர்ந்தபோது நான்தான் சின்னச் சின்ன உதவி நிரல்கள் எழுதி, மூன்று திரைகளைப் பேச வைத்தேன். வாடிக்கையாளர், உதிரி பாகம், ஆர்டர். அவனை வேலைக்கு எடுக்கச் சொல்லி மன்றத்தில் சண்டை போட்டவன் ஃபோக்கோ. ஆக, எங்கள் இரண்டு பேருக்கும் அவன் விஷயத்தில் கொஞ்சம் பெருமை உண்டு.

ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் ஏதாவது உடையும். மாடியிலிருந்து கூப்பிடுவான். "ஹில்கே, உங்க ஆளு மறுபடி ஊமையாயிட்டா. வந்து ரெண்டு தட்டுத் தட்டுங்க." போய்ச் சரிசெய்வேன். தேநீர் போட்டுத் தருவான். இந்த ஊர் வழக்கப்படி தேநீரில் கிரீமைக் கோப்பை ஓரமாக ஊற்றுவதில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

இதை எதற்கு இவ்வளவு நீளமாக எழுதினேன்? குழுவுக்கு நாலு வரி போதும்.

பிப்ரவரி 1

பிரவுசர் பதிப்பில் ஒரு நாள் முழுக்க வேலை செய்து பார்த்தேன். அலங்காரத்துக்குக் குறைவில்லை. ஒரு ஆர்டரைத் திறக்க மவுஸைப் பிடித்து ஊரைச் சுற்ற வேண்டும். என் விரல்கள் தம்பாட்டுக்கு எஃப்8 விசைக்குப் போயின. அங்கே ஒன்றும் நடக்கவில்லை. வேகத்துக்கு நான் போட்ட மதிப்பெண் குறைவு. நியாயமாகத்தான் போட்டேன்.

பிப்ரவரி 2

நியாயமாகவா? சரி, தகுதிக்கு ஒரு புள்ளி குறைவாகவே போட்டிருப்பேன். மாற்றவில்லை.

பிப்ரவரி 14

கூட்டிப் பார்த்தேன். பிரவுசர் முன்னால் நிற்கிறது. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் முன்னால்தான்.

ஃபோக்கோவைக் கூப்பிட்டேன். வந்து என் திரையைக் குனிந்து பார்த்தான்.

"ஏய், இது சரியில்லையே. ஒரு மனுஷனோட வேலைக்கு அஞ்சு, துறைமுகத்துல டேப்லட் தூக்கிட்டுத் திரியறதுக்குப் பன்னண்டா? என்ன நியாயம் இது?"

"எடையைக் கூட்டலாம். குழு ஒத்துக்கணும்."

"ஒத்துக்குவாங்க. ஐலெர்ட் பேரைச் சொல்லி யார் எதிர்ப்பா?"

யாரும் எதிர்க்கவில்லை. மதியத்துக்குள் ஐந்து பேரும் மின்னஞ்சலில் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து, பதினைந்து ஆயிற்று. டெஸ்க்டாப் முன்னால் வந்துவிட்டது. ஒரு நல்ல காரியம் நாம் விரும்புகிற பக்கமாகவே போய் முடிந்தால் வரும் நிம்மதி இருக்கிறதே, அதோடு வீட்டுக்கு வந்தேன். என் கணவர் ஹார்முக்குப் பிடித்த மீன் வாங்கினேன்.

பிப்ரவரி 22

இன்று நடந்ததை அப்படியே எழுதிவைக்கிறேன்.

மூன்று மணித் தேநீர் நேரம். கதவுச் சட்டத்தில் இரண்டு தட்டு. ஐலெர்ட். அவன் கீழே வருவதே இல்லை, நான்தான் மேலே போவது வழக்கம்.

"மோய்ன்," என்று இந்த ஊர் வணக்கத்தைச் சொன்னான். "நான் பதினைஞ்சு மதிப்பெண்ணாமே? அஞ்சுல இருந்து ஏறிட்டேனாமே? எனக்கு நானே வாழ்த்துச் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"யார் சொன்னது?"

"கேன்டீன்ல சூப் ஊத்தற அம்மா. அவங்களுக்கெல்லாம் தெரியுது, எனக்கு அட்டவணையே வரல."

குழு உறுப்பினர்களுக்குத்தான் அட்டவணை போகும், உன் சார்பாக மன்றம் இருக்கிறது, எல்லாம் முறைப்படிதான் நடந்தது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை.

"முறைப்படியா? அஞ்சு பேர் உக்காந்து என்னைப் பத்திப் பேசியிருக்கீங்க. ரெண்டு தடவை. என்னைக் கேக்கணும்னு ஒருத்தருக்குமா தோணல?"

"ஐலெர்ட், உன் வேலை போயிடக் கூடாதுன்னுதான். உனக்காகத்தான் டெஸ்க்டாப்—"

"எனக்காகவா! அட, நல்லாருக்கே." நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தான். "மூணு திரை, ஹில்கே. இத்தனை வருஷமா மூணே மூணு திரை. இந்த மென்பொருள்ல மொத்தம் எத்தனை இருக்கு?"

நூற்றுக்கணக்கில் இருக்கிறது. அவனுக்கும் தெரியும்.

"மென்னோ ஜூலைல ஓய்வு. பொருள் திட்டமிடல் இடம் காலியாகுது. என்ன பாகம் எப்ப வாங்கணும், எவ்வளவு கையிருப்பு வைக்கணும், அந்த வேலை எனக்குத் தூக்கத்துல கூட வரும். தினமும் ஃபோன்ல 'அந்தப் பாகம் இல்லை, மன்னிச்சுக்குங்க'ன்னு சொல்றவன் நான்தானே? எதெல்லாம் எப்பவும் இருக்காதுன்னு என்னைவிட யாருக்குத் தெரியும்? போன வருஷமே ஓனென்கிட்ட கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? 'அந்தத் திரைகள் உங்களுக்குப் பேசாது போப்பிங்கா. ஹில்கேவைக் கேட்டேன், ரொம்பச் சிக்கல்னாங்க.'"

கேட்டார்தான். நடைபாதையில், கோட்டை மாட்டிக்கொண்டே. ரொம்பச் சிக்கல், இப்போதைக்கு வேண்டாமே என்றேன். எதற்காகக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை.

"அது பிரவுசர்ல பேசுமா?" என்று கேட்டான். "நீங்க யாராவது எழுதித் தராமலே பேசுமா? அதான் எனக்குத் தெரியணும்."

"பேசலைன்னா? யோசிச்சியா? பழசை மூடிடுவாங்க. அப்புறம் அந்த மூணு திரையும் இருக்காது. ஃபோன் மேசையும் போயிடும். வீட்லதான் உக்காரணும்."

"உக்காந்து என்னையே திட்டிக்குவேன். இப்ப உங்களையெல்லாம் திட்டிக்கிட்டிருக்கேன், இது எனக்குப் பிடிக்கல."

தேநீர் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். இந்த ஊரில் யாரும் தேநீரை வேண்டாம் என்று சொல்வதில்லை.

பிப்ரவரி 23

சாப்பாடு இறங்கவில்லை.

ஹார்ம்: "யார் மேல கோபம்?"

"யார் மேலயும் இல்ல."

"அப்ப சரி. அதை என் மேல காட்டாதே."

மார்ச் 1

ஐலெர்ட் பிரவுசர் பதிப்பைச் சோதித்தான். நானும் ஃபோக்கோவும் பக்கத்தில். எனக்கும் கேட்கட்டும் என்று குரலின் வேகத்தைக் குறைத்துக்கொண்டான்.

முதல் திரை: "பொத்தான். பொத்தான். பொத்தான். பொத்தான். படம். பொத்தான்."

"அருமை," என்றான் ஐலெர்ட். "சட்டைக் கடைக்குள்ள வந்துட்டேன் போல."

பொத்தான் இருப்பது குரலுக்குத் தெரிகிறது. அது சேமிக்கவா, அழிக்கவா என்று தெரியவில்லை. அவற்றுக்கு யாரும் பெயரே வைக்கவில்லை. தேதி போடும் இடத்தில் ஒரு நாள்காட்டி குதித்து வந்து அவனைச் சிறை பிடித்துக்கொண்டது, வெளியே வர முடியவில்லை. கெட்ட வார்த்தை பேசினான். அவன் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

ஃபோக்கோ கையை விரித்தான். "நான் சொன்னேனா இல்லையா? இதை நம்பி இருக்கிறதை விடச் சொல்றியா? ஆளை விடுங்கப்பா."

"கொஞ்சம் வாயை மூடு ஃபோக்கோ," என்றான் ஐலெர்ட்.

பேசாமல் தட்டிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரத்தில் அவன் முதுகு நிமிர்ந்தது. திட்டமிடல் திரை. அதற்குள் அவனே போயிருக்கிறான். யாரும் வழி சொல்லவில்லை. பட்டையில் விரல் ஓட ஓட, மெல்லப் படித்தான்: "எண் நாற்பது மெக்கானிக்கல் சீல் வளையம். கையிருப்பு ஆறு. வாராந்தரத் தேவை பதினொண்ணு. ஆர்டர்... போடலை." தலையைத் தூக்கினான். "யோவ், மென்னோ இன்னும் ஆர்டரே போடலையே! அடுத்த வாரம் நான்தானே ஃபோன்ல மன்னிப்புக் கேக்கணும்?"

சிரித்தான். ஃபோக்கோ சிரிக்கவில்லை. நானும்தான்.

மார்ச் 4

மென்பொருள் கம்பெனிக்கு எழுதினேன். உடனே பதில்: பொத்தான்களுக்குப் பெயர் வைக்கும் வசதி நிர்வாகிக்கு உண்டு, அமைப்புகளில் நீங்களே செய்துகொள்ளலாம். நாள்காட்டியையும் அணைத்துவிட்டு, தேதியை நேராகத் தட்டும்படி வைக்கலாம்.

நிர்வாகி நான்தான். இந்த வசதி இருப்பதே எனக்குத் தெரியாது. நான் தேடவே இல்லை.

மார்ச் 8

இன்றும் தொடங்கவில்லை. மாதக் கணக்கு முடிப்பு, அச்சுப்பொறி, அது இது.

மார்ச் 11

இன்றும் இல்லை. ஏன்?

சும்மா பெயர் வைக்கிற வேலை. 'சேமி', 'அழி', 'அடுத்தது'. ஒரு நிரல்கூட எழுத வேண்டாம். நான் எழுதியதெல்லாம் தூக்கி எறியப்படும் என்பது ஒன்று. அது பரவாயில்லை, பழைய நிரல்தானே, போகட்டும். ஆனா அவன் அப்புறம் எதுக்கு என்னைக் கூப்பிடுவான்? கூப்பிட மாட்டான். அதான் விஷயம். வேற ஒண்ணுமே இல்ல. அவன் வேலை போயிடும், பாவம், பாதுகாப்பு... எல்லாம் உண்மைதான். ஆனா நான் தள்ளிப்போடறது அதுக்காக இல்ல. இந்தக் கட்டடத்துல என் பேரைச் சொல்லிக் கூப்பிடற ஆள் அவன் ஒருத்தன். மத்தவங்க எல்லாம் 'கணினிப் பிரிவு'ன்னு நம்பரை அழுத்துவாங்க.

சீ. எழுதிப் பார்த்தால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது. நாளை தொடங்குகிறேன்.

மார்ச் 12

தொடங்கினேன். ஐலெர்ட் கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நான் பெயர் வைக்கிறேன், அவன் கேட்டுப் பார்க்கிறான்.

"'ஆவணத்தைத் தற்காலிகமாக நிறுத்திவை'ன்னு வச்சிருக்கேன்."

"ஹில்கே, இது கவிதைப் போட்டி இல்ல. நான் ஒரு நாளைக்கு நூறு தடவை இதைக் கேக்கணும். 'நிறுத்து' போதும்."

"உனக்குப் போதும். சட்டப்படி—"

"சட்டமா தினமும் இதைக் காதுல கேக்கப்போகுது?"

'நிறுத்து' என்று வைத்தேன். சாயங்காலம் வரை இப்படியே போனது. தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

மார்ச் 28

பெரிய வெள்ளிக்கு முந்தைய நாள். குழுவின் கடைசிக் கூட்டம். ஓனெனும் வந்திருந்தார். எல்லோருக்கும் விடுமுறை அவசரம், இரண்டு பேர் கோட்டைக் கழற்றவே இல்லை.

ஃபோக்கோ நேராக விஷயத்துக்கு வந்தான். அட்டவணைப்படி டெஸ்க்டாப், கையெழுத்துப் போட நான் தயார், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்றான். நான் வாயைத் திறந்தேன், கதவு திறந்தது. ஐலெர்ட்.

"குழு உறுப்பினர் இல்லாதவங்க—" என்று கணக்குப் பிரிவு ஆரம்பித்தது.

"ரெண்டு நிமிஷம். என் பேர்ல ஒரு வரி இருக்காம். அதை எடுத்துடுங்க."

ஃபோக்கோவின் காது சிவந்தது.

"என்னடா பேசறே? அந்த வரிக்கு நான் எவ்வளவு சண்டை போட்டேன் தெரியுமா? உன்னை இங்க கொண்டு வர எவ்வளவு பட்டேன்?"

"தெரியும். நன்றியை அப்பவே சொல்லிட்டேன், வேணும்னா இன்னொரு தடவை சொல்றேன். ஆனா இந்த வரி எனக்கு வேண்டாம். இந்த வரியால டெஸ்க்டாப் ஜெயிச்சா, நான் ஓய்வு பெறும்போதும் அதே நாற்காலியில இருந்துதான் போவேன். மத்தவங்களுக்கு எது வசதியோ அதை வச்சு முடிவு பண்ணுங்க. எனக்குச் சரிவரலைன்னா அது என் பாடு."

"உன் பாடுன்னு விட்டுட நான் எதுக்கு இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன்? அது சரிவராம நீ வெளிய போனா, நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு கேன்டீனுக்கு வருவேன்?" என்றான் ஃபோக்கோ.

"அவனுக்கு மட்டும் பழசை விட்டுவைக்க முடியுமா?" என்று ஓனெனைப் பார்த்துக் கேட்டான். ஓனென் முடியாது என்று தலையை ஆட்டினார். ஒரே ஒருவருக்கு என்றாலும் அதே ஒப்பந்தம்தான், அதே தொகைதான். டிசம்பர் கடைசி வரை இரண்டும் இருக்கும், அதற்குப் பிறகு ஒன்றுதான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன சொன்னேன் என்று எழுதிவைக்கிறேன், அதிகம் இல்லை. "வேகத்துக்கு பிரவுசருக்கு நான் ஒரு புள்ளி குறைச்சுப் போட்டேன். அதையும் திருத்தணும். பெயர் வைக்கிற வேலை பாதி முடிஞ்சிருக்கு. மீதியை நான் முடிச்சுத் தரேன்."

வரியை அவர்கள் முன்னால் நீக்கினேன். கூட்டல் மாறியது, பிரவுசர் முன்னால் வந்தது. ஃபோக்கோ பேனாவை எடுத்து, காகிதம் கிழிகிற மாதிரிக் கையெழுத்துப் போட்டான். போகும்போது என்னிடம் மட்டும், "இவன் விழுந்தா உன்னைத்தான் கேப்பேன்," என்றான். வேடிக்கையாகச் சொல்லவில்லை.

மே 10

நேற்று வியாழன் விடுமுறை, நடுவில் அகப்பட்ட இன்றைய வெள்ளிக்கும் லீவு போட்டிருந்தேன்; இரண்டு நாளையும் விட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். திட்டமிடல் திரைகள் முடிந்தன. மென்னோ வந்து பார்த்துவிட்டு, "எனக்கும் இந்தப் பெயர்கள்தான் புரியுது," என்றார்.

ஜூன் 5

ஐலெர்ட் விண்ணப்பம் போட்டிருக்கிறான். வெளியிலிருந்தும் நாலு பேராம்.

ஜூன் 20

நேர்காணல். ஒரு மணி நேரம். அவன் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. ஃபோக்கோ நாலு தடவை என் அறைக்கு வந்து, "ஏதாவது தெரிஞ்சுதா?" என்றான். கடைசித் தடவை அவனே, "எனக்கு எதுவும் தெரிய வேண்டாம்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை 3

கிடைத்துவிட்டது. ஆறு மாதம் சோதனை. பழைய மேசைக்கு வேறொரு பெண் வருகிறாள், ஆக திரும்பிப் போக இடமில்லை. அவனே வந்து சொன்னான். "இனி ஃபோன் மேசை இல்ல ஹில்கே," என்றான்.

எனக்குச் சந்தோஷமா? ஆமாம். பயமா? அதுவும்தான்.

ஆகஸ்ட் 14

முதல் வாரங்கள் மோசம். ஒரு திரையில் நெடுவரிசைகள் இடம் மாறிப் படிக்கின்றன. நான் மூன்று முறை மாற்றினேன். அவன் மற்றவர்களின் பொறுமையை இரவல் வாங்கி ஓட்டுகிறான், நானும்தான். ஓனென் நடைபாதையில் "எப்படிப் போகுது?" என்று கேட்டார். இந்த முறை நின்று, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு ஆச்சரியம்.

செப்டம்பர் 19

பெரிய கலாட்டா. ஐலெர்ட் ரப்பர் சீல் வளையங்களைத் தவறான அளவில் ஆர்டர் போட்டுவிட்டான். மூன்று பெட்டி வந்து இறங்கியிருக்கிறது, ஒரு பம்ப்புக்கும் பொருந்தாது. பழி திரை மேல் இல்லை. சரியாகத்தான் வாசித்தது, அவன் அவசரத்தில் பக்கத்து எண்ணைப் போட்டான். அசெம்பிளிக் கூடம் பாதி நாள் நின்றது.

ஃபோக்கோ மாடியேறிப் போய்க் கத்தினான். கீழே என் அறை வரை கேட்டது. "அறிவிருக்கா உனக்கு? இருபது பேர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாங்க! ஆர்டர் போடும்போது மூளையைக் கழட்டி எங்க வச்சே?"

அவனுக்கு இன்னும் சோதனைக் காலம். எழுந்து மேலே ஓடினேன். நான் போவதற்குள் ஃபோக்கோ இறங்கிப் போய்விட்டிருந்தான். ஐலெர்ட் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டிருந்தான்.

"கேட்டீங்களா ஹில்கே? கேட்டீங்களா? என்னைத் திட்டிட்டான்! எல்லாரையும் திட்டற மாதிரியே! இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட அவன் என்கிட்ட குரலை உயர்த்தினதில்ல."

அப்புறம் கொஞ்சம் அழுதான். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றேன், அவனுக்குத் தெரியும் நான் நிற்கிறேன் என்று. மூன்று பெட்டியையும் சப்ளையர் திரும்ப எடுத்துக்கொள்கிறார். அவனே பேசி முடித்திருந்தான்.

அக்டோபர் 2

அழைப்பு எதுவும் இல்லை.

நவம்பர் 11

உதவிக் கோரிக்கை வந்தது, எல்லோரும் அனுப்புகிற அதே படிவத்தில். 'கணினிப் பிரிவினருக்கு, வணக்கம். விநியோகத் தேதித் திரையில் ஏழாவது பொத்தானுக்குப் பெயர் இல்லை. அவசரமில்லை. நன்றி. ஐ. போப்பிங்கா, பொருள் திட்டமிடல்.'

உடனே சரிசெய்தேன். 'முடிந்தது' என்று குறித்து மூடினேன். மேலே போய்ச் சொல்ல ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. நல்லது. அப்படித்தான் இருக்க வேண்டும். எனக்கு வருத்தமாக இருந்தது, அதையும் எழுதிவைக்கிறேன்.

டிசம்பர் 17

ஐலெர்ட்டின் சோதனைக் காலம் இரண்டு வாரம் முன்னதாகவே முடித்துக்கொள்ளப்பட்டது, நிரந்தரம். அறிவிப்புப் பலகையில் ஓனெனின் இரண்டு வரி. ஃபோக்கோ கேன்டீனில் எல்லோரிடமும், "நான்தான் கையெழுத்துப் போட்டேன்," என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஐலெர்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து சூப் குடித்தான், மறுக்கவில்லை.

டிசம்பர் 29

கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் தொழிற்சாலை மூடல். யாரும் இல்லாத இந்த நாட்களில்தான் எனக்கு வேலை. இன்று டெஸ்க்டாப் வாசலை நிரந்தரமாக மூட வேண்டும்.

மூடும் முன் ஒரு சோதனை: இந்த மாதம் யாராவது அந்த வழியாக உள்ளே போயிருக்கிறார்களா என்று பார்ப்பது. யாராவது இருந்தால் முதலில் அவரிடம் பேச வேண்டும், அதுதான் முறை. ஐலெர்ட் பயத்தில் ஒரு பிடிமானமாகப் பழைய வழியையும் விடாமல் வைத்திருப்பான் என்று நினைத்தேன். அப்படி இருந்தால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று ஓனெனுக்கு எழுத, மனசுக்குள் வாக்கியம் கூடத் தயாராக வைத்திருந்தேன்.

அவன் ஜூலைக்குப் பிறகு ஒரு முறைகூட அந்தப் பக்கம் போகவில்லை. கணக்குப் பிரிவு அக்டோபரிலேயே மாறிவிட்டது. கிடங்கு அதற்கும் முன்பே.

பட்டியலில் ஒரே ஒரு பெயர். இந்த மாதம் தினமும், காலையிலும் மதியமும். ஹில்கே ரேம்ட்ஸ், கணினிப் பிரிவு.

முறைப்படி முதலில் அவரிடம் பேசினேன், பிறகு மூடினேன், விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.